வெளிச்சமான கேமரா

மைமூனின் கண்களை ஆறு வருடமாகத் தாரணிதான் பரிசோதித்து வந்தாள்.

தேக்கா சந்தைக்குப் பக்கத்தில், சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில் அவள் வேலை பார்த்த கண்ணாடிக் கடை இருந்தது. அவளும் அகிலனும் அங்கே கண் பரிசோதகர்கள். மைமூன், குவீன்ஸ்டவுன் பக்கம் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். ஐம்பத்தேழு வயது. தம்பி ரவூபோடு சேர்ந்து இரண்டு வேன்கள் வைத்திருந்தார். ஒன்றை அவர் ஓட்டினார், இன்னொன்றைத் தம்பி ஓட்டினார். முதல் தடவை கண் பார்க்க வந்தபோது மைமூனின் தோளில் ஒரு பிலிம் கேமரா தொங்கியது. தாரணியின் கைப்பையிலும் ஒன்று இருந்தது. அன்றைக்குப் பரிசோதனை பத்து நிமிடத்தில் முடிந்தது, பேச்சுதான் முடியவில்லை.

அதிலிருந்து சனிக்கிழமை காலைகளில் இருவரும் சேர்ந்து படம் எடுக்கப் போனார்கள். தாரணிக்குப் பதின்மூன்று வயது குறைவு. அக்கா என்று கூப்பிடுவாள். பஃபலோ ரோட்டில் காய்கறிப் பெட்டிகள் இறங்கும் நேரம், டன்லப் ஸ்திரீட் பள்ளிவாசலின் மதில், சில வாரம் பஸ் பிடித்துக் காத்தோங் வரைக்கும். பிறகு எங்காவது உட்கார்ந்து பால் விட்ட தே குடிப்பார்கள். இருவருக்கும் வீட்டில் இதைப் பற்றிப் பேச ஆள் கிடையாது. தாரணியின் கணவர் படத்தை வாங்கிப் பார்த்து நல்லாருக்கு என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். மைமூனின் பிள்ளைகள், கைப்பேசியிலேயே எடுக்கலாமே, எதற்கு இந்த அவஸ்தை என்பார்கள்.

பெரிய பிலிமில் எடுக்கும் கேமரா ஒன்று வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டது மைமூன்தான். சாதாரணப் பிலிமைவிட அகலமான சுருள், ஒரு சுருளில் பன்னிரண்டே படம், ஆனால் ஒவ்வொன்றிலும் துணியின் இழைகூடத் தெரியும். அவருக்கு ஒரு காரணமும் இருந்தது. மூத்த அக்கா கதீஜா, மகனோடு மெல்பர்னில் குடியேறப் போகிறார். திரும்பி வருகிற யோசனை இல்லை. போவதற்கு முன் அவரை உட்கார வைத்து நல்லதாக ஒரு படம் எடுத்துவிட வேண்டும். கதீஜாவுக்குக் கேமரா என்றாலே ஆகாது. எந்தக் கல்யாணப் படத்திலும் யார் முதுகுக்காவது பின்னால்தான் நிற்பார். இந்தத் தடவை மட்டும், சரி எடுத்துக்கொள் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

சிட்டி ஹால் பக்கம், பழைய கேமராக் கடைகள் வரிசையாக இருக்கும் கட்டடத்தில், சுவா என்ற பெரியவரின் கடையில் மைமூன் இரண்டு கேமராக்களைப் பார்த்து வைத்திருந்தார். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ், மேலே மூடியைத் திறந்து குனிந்து பார்க்கிற வகை. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. எதை எடுப்பது என்று தெரியாததால் வாங்காமல் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்து, தாரணியை அழைத்துப் போனார்.

சுவா இரண்டையும் ஒரு துணிமேல் வைத்தார். இரண்டாவதில், குனிந்து பார்த்து ஃபோகஸ் செய்கிற திரைக் கண்ணாடியை முன்பு வைத்திருந்தவர் மாற்றிப் புதிது போட்டிருக்கிறார், அதனால் வெளிச்சமாக இருக்கும் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, வேறொரு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனார். மைமூனுக்கு அந்த நேரத்தில் ரவூபிடமிருந்து போன் வந்து, அவர் வாசலுக்குப் போயிருந்தார். தாரணி மட்டும்தான் அதைக் கேட்டாள்.

அவள் முதல் கேமராவைக் கையில் எடுத்துக் குனிந்து பார்த்தாள். கடையின் நடுப்பகுதி ஓரளவு தெரிந்தது. ஓரங்கள் பழுப்பாக மங்கியிருந்தன. பிறகு இரண்டாவதைத் திறந்தாள்.

கடைக்கு வெளியே, விளக்கில்லாத மாடிப்படியில் ஒரு பெண் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை அளவுச் சதுரத்தில் அவள் இடம் வலம் மாறி உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் விழுந்த முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. பின்னாலிருந்த சுவரின் ஈரக்கறைகூடத் தெரிந்தது. கண்ணால் நேரே பார்த்தபோது இருட்டாக இருந்த மாடிப்படி, கேமராவுக்குள் காலை நேரம் போல் இருந்தது. தாரணி தலையை நிமிர்த்தவில்லை. அந்தப் பெண் எழுந்து போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். கேமராவைக் கீழே வைக்கக் கை வரவில்லை.

அவளுக்குக் கேமரா வாங்குகிற எண்ணமே இருக்கவில்லை. இப்போது இது தனக்குத்தான் என்று தோன்றிவிட்டது.

மைமூன் திரும்பி வந்து இரண்டையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். வெளிச்சத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது என்று தாரணிக்குத் தெரியும். இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். மைமூனின் இரண்டு கண்ணிலும் கண்புரை ஆரம்பித்திருந்தது. வண்டி ஓட்டத் தடையில்லை, ஆபரேஷனும் இப்போதைக்கு வேண்டாம். வெளிச்சம் குறைந்த அறையில் மட்டும், நிறம் ஒத்த பொருள்கள் ஒன்றோடொன்று கலங்கித் தெரியும். போன வருடம் அதைத் தன் கையாலேயே கார்டில் எழுதி வைத்தவள் அவள்.

"நீதான் லென்ஸ் தெரிஞ்ச ஆளு. எத எடுக்கலாம், சொல்லு" என்றார் மைமூன்.

"மொதல்ல பாத்தத எடுங்கக்கா. லென்ஸ் நல்லா சுத்தமா இருக்கு. இன்னொண்ணுக்குள்ள லேசா தூசி இருக்கு."

"இது கொஞ்சம் இருட்டா இல்ல?"

"பழைய கேமரான்னா அப்படித்தான்க்கா இருக்கும். பழகிடும்."

தூசி இருந்தது உண்மை. படத்தில் தெரியவே தெரியாத தூசி. மைமூன் சந்தோஷமாகத் தலையசைத்து முதல் கேமராவை எடுத்துக்கொண்டார். தாரணி அவரோடு எம்ஆர்டி ரயில் நிலையம் வரை நடந்து, அவர் சொன்னதற்கெல்லாம் உம் கொட்டிக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை வேலைக்கு நடுவில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு போய் இரண்டாவதை வாங்கினாள். உங்கள் தோழிக்கு இது வேண்டாமா என்று சுவா கேட்டார். அவர் வேறொன்று எடுத்துவிட்டாரே என்றாள் தாரணி. இதுதான் நல்லது என்று தோழிக்குத் தெரியாதா என்பதே அவர் கேட்டது என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது.

சனிக்கிழமை பஃபலோ ரோட்டில், வேறு வேலையாக அந்தப் பக்கம் போனதாகவும் இரண்டாவது கேமரா இன்னும் விற்காமல் இருந்ததால் வாங்கிவிட்டதாகவும் சொன்னாள். மைமூனுக்கு ஒரே மகிழ்ச்சி. இனிமேல் இரண்டு பேரிடமும் ஒரே மாதிரி, பிலிமை ஒன்றாகக் கழுவக் கொடுக்கலாம் என்றார். கடையில் தே குடிக்கும்போது அவர் தன் கேமராவை மேசைமேல் வைத்தார். தாரணி தன்னுடையதைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அதன் பிறகு ஒருநாளும் அதை மைமூனின் கைக்கு எட்டும் இடத்தில் அவள் வைத்ததில்லை. ஒரு தடவை, உன்னுடையதைக் காட்டேன் என்று மைமூன் கேட்டபோது பிலிம் பாதியில் இருப்பதாகச் சொன்னாள். பிலிம் பாதியில் இருந்தால் குனிந்து பார்ப்பதற்கு என்ன தடை என்று மைமூன் கேட்கவில்லை.

முதல் இரண்டு சுருள்களில் மைமூனின் படங்கள் நன்றாகவே வந்தன. எல்லாம் வெயிலில் எடுத்தவை. மாலை கட்டுகிற ஒருவரின் விரல்கள், கேம்பல் லேனில் ஏணிமேல் நின்று விளக்குத் தோரணம் கட்டுகிற ஆள். தாரணிக்கு நிம்மதியாக இருந்தது. நான் சொன்னது ஒன்றும் பெரிய தப்பில்லை, பழகித்தானே விட்டது என்று நினைத்துக்கொண்டாள். தன் கேமராவில் அவள் எடுத்த படங்கள் எல்லோரும் பாராட்டும்படி இருந்தன. கோப்பிக் கடையின் உள்பக்கம், அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளம், கோயில் மண்டபத்தின் இருள் என்று வெளிச்சம் குறைந்த இடமாகத்தான் தேடிப் போனாள். கணவர்கூட ஒரு படத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்.

கதீஜா புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு மைமூன் அவரைப் படம் எடுத்தார். தாரணி போகவில்லை, அவளுக்கு அன்று வேலை. குவீன்ஸ்டவுனில் கதீஜாவின் ஒன்பதாவது மாடி வீடு, சாமான்களெல்லாம் பெட்டிகளில் ஏறிவிட்டன, பிற்பகலில் நல்ல மழை. கதீஜா சாம்பல் நிறத் துப்பட்டா போட்டு ஜன்னலோரம் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் சாம்பல் நிறச் சுவர். மைமூன் பன்னிரண்டு படத்தையும் அங்கேயே முடித்தார்.

பத்து நாள் கழித்து, காலை வேன் நடையை முடித்துவிட்டு மைமூன் நேரே கண்ணாடிக் கடைக்கு வந்தார். கையில் பிரிண்ட் கவர் இருந்தது. கவுன்டர்மேல் படங்களைப் பரப்பினார்.

ஒன்பது படங்களில் கதீஜாவின் முகம் தெளிவாக இல்லை. சிலவற்றில் காது தெளிவாக இருந்தது, கண் கலங்கியிருந்தது. சிலவற்றில் பின்னாலிருந்த சுவரின் விரிசல் கோடு போட்டது போல் இருந்தது. மிச்ச மூன்றில் முகம் தெளிவாக வந்திருந்தது. ஆனால் அவற்றில் கதீஜா கண்ணை மூடியிருந்தார், அல்லது வேறெங்கோ பார்த்திருந்தார். அந்த ஒன்பதில் ஒரு படம் இருந்தது. கதீஜா கேமராவை நேரே பார்த்து, எதையோ சொல்லிவிட்டு வாயை மூடிய கணம். அவர் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்புக்குக் கிட்டத்தில் இருந்தார். சரியாக விழுந்திருந்தால் எப்படிப்பட்ட படம் என்று பார்த்த உடனே தாரணிக்குப் புரிந்தது.

"கேமராவுல இருக்குற அந்தச் சின்ன பூதக்கண்ணாடிய தூக்கி விட்டுப் பாத்துப் பாத்துதான் எடுத்தேன்" என்றார் மைமூன். "எனக்கு சரியாத்தான் தெரிஞ்சுச்சு. கண்ணு போயிடுச்சு தாரணி. நல்லாப் பாத்துச் சொல்லு."

பரிசோதனை அறையில் தாரணி எல்லாவற்றையும் முறையாகச் செய்தாள். எழுத்துப் பலகை, லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பது, விளக்கை வைத்து உள்ளே பார்ப்பது. மைமூன் பள்ளிப் பிள்ளை மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். எண்களைப் பழைய கார்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரு மாற்றமும் இல்லை. கண்புரை போன வருடம் இருந்த அளவேதான்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. கண்ணில் ஒன்றுமில்லை என்று சொன்னால், அப்படியென்றால் ஏன் தெரியவில்லை என்று மைமூன் கேட்பார். கேமரா இருட்டு என்று பதில் சொல்ல வேண்டும். அது உனக்கு அன்றைக்கே தெரியாதா என்பது அடுத்த கேள்வி. தாரணி கார்டை மூடினாள்.

"மோசமாயிடுச்சா?"

"கொஞ்சம் கூடியிருக்குக்கா. பயப்படுற மாதிரி இல்ல. ஆறு மாசம் கழிச்சுப் பாப்போம்."

"வேன் ஓட்டலாமா நான்?"

"தாராளமா ஓட்டலாம்."

மைமூன் தலையாட்டினார். படங்களைக் கவரில் போட்டுக்கொண்டு எழுந்தபோது மேசை விளிம்பை ஒரு நொடி பிடித்துக்கொண்டார். அது வரைக்கும் அவர் அப்படி எதையும் பிடித்துக்கொண்டு எழுந்து தாரணி பார்த்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. கண்ணுக்கு ஓய்வு கொடுப்பதாக வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. தாரணி தனியாகப் போய், கேமராவை வெளியே எடுக்காமலே திரும்பி வந்தாள். அரசு பாலிகிளினிக்கில் கண் காட்டப் பதிந்திருப்பதாகவும் இரண்டு மாதம் கழித்துத்தான் முறை வரும் என்றும் மைமூன் ஒரு செய்தி அனுப்பினார். தாரணி அதற்குப் பதில் எழுதி அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் கைகூப்புகிற பொம்மை ஒன்றை அனுப்பினாள். அனுப்பிய பிறகு அவளுக்கே கேவலமாக இருந்தது.

மூன்றாவது வாரம் ரவூப் கடைக்குப் போன் செய்தார். அக்கா மைமூனை அவர் லாத்தா என்றுதான் கூப்பிடுவார். இந்தப் பள்ளித் தவணையோடு வேன் ஓட்டுவதை நிறுத்திக்கொள்கிறேன் என்று லாத்தா சொல்கிறார், வேறு டிரைவர் பார்க்கச் சொல்லிவிட்டார் என்றார். வீட்டில் ஒரு கண்ணை மூடி மூடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். மழை பெய்தால் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிடுகிறாராம். பிள்ளைகளின் அம்மாக்கள் ஏன் தாமதம் என்று கேட்கிறார்கள்.

"நெசமாவே அவ்வளவு மோசமா சிஸ்டர்?" என்று கேட்டார். "நீங்க சொல்லிட்டா நான் மனச தேத்திக்குவேன்."

தாரணி, நாளைக்கு நானே அக்காவிடம் பேசுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தாள். பக்கத்தில் நின்ற அகிலன் யார் என்று கேட்டான். கஸ்டமர் என்றாள்.

மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்தாள். மைமூனின் வேன் எந்தப் பள்ளிக்கு வெளியே எத்தனை மணிக்கு நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். மதியம் ஒன்று பத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். வெயில் கொளுத்தியது. மைமூன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, யாரோ விட்டுப்போன தண்ணீர்ப் போத்தல்களைச் சேகரித்துக்கொண்டிருந்தார். தாரணியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உள்ளே வா, ஏர்கான் போடுகிறேன் என்றார். கொண்டுவந்த கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு தாரணி முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

எப்படி ஆரம்பிப்பது என்று வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அக்கா, ஒங்க கண்ணு போன வருஷம் இருந்த மாதிரியேதான் இருக்கு. ஒண்ணும் கூடல. நான் பொய் சொன்னேன்."

மைமூன் போத்தல்களைக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தார். கேட்டதோ இல்லையோ என்று நினைக்கும்படி இருந்தது. தாரணி நிறுத்தாமல் சொன்னாள். சுவா சொன்னது, மாடிப்படியில் பார்த்தது, தூசி, செவ்வாய்க்கிழமை, கார்டில் இருந்த எண்கள். அந்தக் கேமராவில் அந்த அறையில் யார் எடுத்திருந்தாலும் தடுமாறியிருப்பார்கள், கண்புரை இருக்கிறவர்களுக்கு முகம் தெளிவாக விழுகிறதா என்று தெரியவே தெரியாது, அது தனக்கு அன்றைக்கே தெரியும் என்றாள். பேசி முடித்தபோது பள்ளி மணி அடித்தது.

மைமூன் கூடையைச் சீட்டுக்கு அடியில் தள்ளினார்.

"பெல்ட் போடு" என்றார்.

பிள்ளைகள் ஓடி வந்தார்கள். பதினோரு பேர். மைமூன் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஏற்றினார். பைகளை வாங்கி வைத்தார். ஒருவனின் ஷூ நாடாவைக் கட்டிவிட்டார். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி முன்சீட்டில் இருப்பவர் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கண்ணாடிக் கடை ஆன்ட்டி என்றார் மைமூன். மறுபடி எண்ணிப் பார்த்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினார்.

ஐம்பது நிமிடம் ஓடியது அந்த வேன். ஒவ்வொரு புளோக்கின் கீழேயும் நின்றது. சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் மைமூன் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார். ஒரு முனையில் தூரத்தில் வந்த சைக்கிளுக்காகக் காத்திருந்தார். பின்னால் ஹாரன் கேட்டது. அவர் இப்படி ஓட்டுகிறவர் இல்லை. மூன்று வாரமாக இப்படித்தான் ஓட்டியிருக்கிறார் என்று தாரணி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் பின்னால் பாடிக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் இருந்தார்கள். இறங்கிவிடலாமா என்று இரண்டு தடவை தோன்றியது. இறங்கவில்லை.

கடைசிப் பிள்ளையை அதன் அம்மாவிடம் விட்ட பிறகு, மைமூன் வேனை ஒரு கார் நிறுத்துமிடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். இஞ்சினை அணைக்கவில்லை.

"அந்தக் கேமராவ நீ கேட்டிருந்தா நான் குடுத்துருக்க மாட்டேன்" என்றார். "எனக்கும் ஆசைதான். சண்ட போட்டுருப்போம். ஒருத்தி எடுத்துருப்போம், ஒருத்தி ரெண்டு நாள் மூஞ்சத் தூக்கி வச்சிருப்போம். அவ்வளவுதான்லா."

தாரணி பையைத் திறந்து கேமராவை எடுத்தாள். இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் மைமூன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உள்ள வை. அதப் பத்தி நான் பேசல."

கையை நீட்டி ஏர்கானைக் குறைத்தார்.

"கதீஜா லாத்தா நேத்துகூட போன் பண்ணிக் கேட்டாங்க, போட்டோ எங்கன்னு. பிலிம் கெட்டுப் போச்சுன்னு சொல்லிட்டேன். வாழ்க்கையில ஒரு தடவ உக்காந்தாங்க. சரி, அதுகூட போகட்டும். பிளேன் ஏறிப் போனா பாக்கலாம். ஆனா நீ என் கண்ணப் பாத்துட்டுச் சொன்னே தாரணி. அந்த ரூம்ல உக்காந்து சொன்னே. பதினோரு பிள்ளைங்கள வச்சுக்கிட்டு ஓட்டுறேன்னு தெரியும் ஒனக்கு. எங்கயாவது இடிச்சிருவேனோன்னு காலையில எந்திரிச்சா வேன் சாவிய எடுக்கவே பயமா இருக்கும். ஒரு நாள் சுபுஹு தொழுதுட்டு அப்படியே உக்காந்து அழுதேன். நீ என்னடான்னா பொம்ம அனுப்புற."

மன்னித்துவிடுங்கள் என்றாள் தாரணி. அந்தச் சொல் வேனுக்குள் எங்கேயும் போய்ச் சேராதது போல் இருந்தது.

"ரவூப்கிட்ட நானே சொல்லிக்கிறேன், கண்ணு நல்லாருக்குன்னு" என்றார் மைமூன். "மத்தது அவனுக்குத் தெரிய வேணாம். பஸ் ஸ்டாப் அந்தப் பக்கம் இருக்கு. நான் பெட்ரோல் போடப் போகணும்."

தாரணி இறங்கினாள். வேன் முனை திரும்பும்வரை நின்றாள்.

இரண்டு மாதத்துக்கு மேல் மைமூனிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. தாரணி மூன்று தடவை செய்தி அனுப்பினாள். மூன்றும் படிக்கப்பட்டதற்கான நீலக் குறிகள் விழுந்தன. லாத்தா பழையபடி ஓட்ட ஆரம்பித்துவிட்டார், நீங்கள் பேசியதற்கு ரொம்ப நன்றி என்று ரவூபிடமிருந்துதான் செய்தி வந்தது. கூடவே, வீட்டில் செய்தது என்று ஒரு டப்பா நெய்ச் சோறும் இறைச்சியும் கடைக்குக் கொடுத்தனுப்பினார். தாரணியால் சாப்பிட முடியவில்லை. அகிலன்தான் சாப்பிட்டான்.

அவள் கேமராவைச் சுவாவிடம் திருப்பிக் கொடுக்கப் போனாள். அவர் வாங்கித் துடைத்துப் பார்த்துவிட்டு, உங்கள் தோழி போன மாதம் வந்திருந்தாரே என்றார். மங்கலாக இருந்த திரைக் கண்ணாடியைக் கழற்றிப் புதியது போட்டுக் கொடுத்தாராம். அரை மணி நேர வேலை. இப்போது உங்களுடையதைவிட வெளிச்சம் என்று சிரித்தார். அன்றைக்கே சொல்லியிருந்தால் அன்றைக்கே மாற்றிக் கொடுத்திருப்பேன், நீங்கள் இரண்டு பேரும் கேட்கவே இல்லையே என்றார்.

தாரணி கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரைக் கண்ணாடியை மாற்ற முடியும் என்று அவளுக்கு அன்றைக்கே தெரியும். மாற்றிய ஒன்றைத்தானே கையில் வைத்திருந்தாள். கேட்டிருந்தால் இரண்டு பேருக்கும் ஆளுக்கொன்று கிடைத்திருக்கும். கேட்டால் இரண்டும் வேறு வேறு என்று மைமூனுக்குத் தெரிந்துவிடும் என்பதற்காகக் கேட்கவில்லை. கேமராவை அவரிடமே விட்டுவிட்டு, விற்றால் சொல்லுங்கள் என்று சொல்லி வெளியே வந்தாள். எம்ஆர்டிக்குப் போகாமல் வெயிலில் வெகு தூரம் நடந்தாள்.

நவம்பர் நடுவில் ஒரு புதன்கிழமை மைமூன் கடைக்கு வந்தார். பேத்தி மேலே உட்கார்ந்து கண்ணாடி ஃபிரேமை உடைத்துவிட்டாளாம். ஒரு பக்கக் காம்பில் டேப் சுற்றியிருந்தது. தாரணிதான் கவுன்டரில் இருந்தாள்.

"வாங்கக்கா" என்றாள்.

"அகிலன் இருக்காரா?" என்றார் மைமூன். "ஃபிரேம் மாத்துறதோட கண்ணையும் ஒரு தடவ பாத்துடலாம்னு. அவர பாக்கச் சொல்லு."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எண்ணைச் சொல்வது போல் சொன்னார். உள்ளேயிருந்து வந்த அகிலன், எப்போதும் தாரணிதானே பார்ப்பார் என்பது போல அவளைப் பார்த்தான். அவள் அலமாரியிலிருந்து மைமூனின் கார்டை எடுத்து அவனிடம் கொடுத்தாள். அதில் கடைசியாக இருந்தது அவள் எழுதிய எண்கள்தான். எண்கள் சரியாகத்தான் இருந்தன.

கதவு மூடியது. மெல்லிய பலகைத் தடுப்பு. உள்ளே பேசுவது வெளியே கேட்கும். மைமூன் எழுத்துகளை வாசித்துக்கொண்டே வந்தார். கடைசி வரியில் ஒரு எழுத்தில் நின்றார். பிறகு சரியாகச் சொன்னார். அகிலன் ஏதோ கேட்டான், அவர் சிரித்துப் பதில் சொன்னார். தாரணி கவுன்டரில் இருந்த ஃபிரேம்களை எடுத்து எடுத்துத் துடைத்தாள்.

வெளியே வந்த அகிலன், எல்லாம் அப்படியே இருக்கிறது, போன தடவைக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை என்று அவளிடம் சொன்னான். மைமூன் அதைக் கேட்டுக்கொண்டு, டேப் சுற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். கறுப்பு ஃபிரேம் ஒன்றை அவராகவே எடுத்து வைத்தார். எது நன்றாக இருக்கும் என்று யாரிடமும் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் தயாராகிவிடும் என்று தாரணி சொன்னாள்.

மைமூன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவு வரை போனார். அங்கே நின்றார்.

"டிசம்பர்ல லீவு விட்டதும் மெல்பர்ன் போறேன்" என்றார். "ரெண்டு வாரம். லாத்தா மறுபடியும் உக்கார்றேன்னு சொல்லிருக்காங்க."

"நல்லா வரும்க்கா" என்றாள் தாரணி.

மைமூன் கதவைத் தள்ளித் திறந்தார். வந்த பிறகு காட்டுகிறேன் என்று சொல்லவில்லை. கடை முகப்பின் ஐந்தடி வழியில் நின்று மழை வருகிறதா என்று வானத்தைப் பார்த்துவிட்டு, தேக்கா பக்கம் நடந்தார்.